சேற்றுக்குள் இருந்த மழை

கடலின் அடியில் கிடக்கும் சேற்றை எடுத்து, முன்னொரு காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் எவ்வளவு மழை பெய்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதைச் சொல்லி முடித்ததும் கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு, "அப்ப நிரந்தர வேலை இன்னும் கிடைக்கேல்லையோ?" என்று இரக்கத்தோடு விசாரிப்பார். செய்யும் வேலையைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாமல் கலியாண வீட்டில் பந்திக்கு முன்பே நழுவியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் உண்மையில் லேசானது. மழை பெய்தால் வெள்ளம் மண்ணை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும். எங்கள் வன்னி மண்ணில் இரும்பு இருக்கிறது. மழை கூடின காலத்தில் கடலடியில் இரும்பு கலந்த கருஞ்சேறு படியும். மழை குறைந்த காலத்தில் வெளிறின சேறு படியும். ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே கிடக்கும் அதற்குள் ஒரு குழாயை இறக்கி எடுத்தால், மேல் நுனியில் நாங்கள் இருக்கும் காலம், கீழே போகப் போகப் பழைய காலம். கிளிநொச்சியில் உள்ள எங்கள் சின்ன ஆய்வுகூடத்தில் இதைச் செய்பவர்கள் மூன்று பேர். பொறுப்பாக இருப்பவர் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாங்கள் 'மிஸ்' என்போம். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி இருப்பவன் ரஜீவன். மூன்றாவது ஆள் நான், சுபா. விசுவமடுவில் நெல் விதைக்கிற ஒருவரின் மகள். இருண்டு வந்தால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடுகிற வீட்டில் வளர்ந்ததால், மழை எங்கே இருந்தாலும் தேடிப் போவது எனக்குப் புதிதல்ல.

தங்கமா, எண்ணெயா?

முல்லைத்தீவில் வள்ளம் கேட்டு மரியதாஸ் அண்ணையின் வீட்டுக்குப் போனோம். கரையோரத்தில் பேர் சொன்னால் தெரிகிற மீன்பிடிகாரர். அனுமதி எல்லாம் கையில் இருந்தது. சோழகக் காற்று அடங்குவதற்கும் வாடைக் காற்று தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் அமைதியான நாட்கள் மட்டும்தான் எங்களுக்கு. அதைத் தவறவிட்டால் மாரி முடியும்வரை கடல் எங்களை விடாது, அதற்குள் எங்கள் திட்டமே முடிந்துவிடும். மிஸ் படம் கீறி, குழாயைக் காட்டி, கருஞ்சேறு, வெளிறின சேறு என்று அழகாக விளங்கப்படுத்தினா. மரியதாஸ் அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். நாங்கள் எழும்பும் நேரம் என்னை மட்டும் ஒரு பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உண்மையைச் சொல்லுங்கோ. தங்கமோ, எண்ணெயோ?" என்று கேட்டார்.

நான் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி பிலோமினா அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "சேறுதான் வேணுமெண்டால் ஏன் கடலுக்குப் போறியள்? மாரியில எங்கட வளவுக்கு வாங்கோ, அள்ளித் தாறன்."

வெறும் போத்தல்

வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சிக் கப்பலில் பல வாரம் இருந்தவ எங்கள் மிஸ். அந்தக் கப்பலில் தேநீர் சிந்தாதாம். மரியதாஸ் அண்ணையின் பிளாஸ்ரிக் வள்ளம் கரையை விட்டு வெளிக்கிட்டதுமே அவாவின் முகம் பச்சையாகிவிட்டது. வாந்தி எடுத்து, வள்ளத்தின் அடியில் சரிந்து படுத்தபடியே எங்களுக்குக் கட்டளை போட்டா. கரைக்குக் கிட்ட எல்லாம் மணல். இன்னும் வெளியே போனோம். அங்கே சேறு இருந்தது. தலையில் இரும்புப் பாரம் கட்டிய குழாயைக் கயிற்றில் இறக்கினோம். அது போய்க் குத்தி நிற்பது கைக்குத் தெரிந்தது. இழுத்தோம். மேலே வந்தபோது குழாய் வெறுமை. பாதி வழியில் சேறு வழுக்கிக் கடலுக்கே திரும்பிப் போய்விட்டது. அடுத்த முறையும் அதே கதை. அதற்கடுத்த முறையும் அதே கதை. காற்று மாறத் தொடங்கியிருந்தது. மரியதாஸ் அண்ணை வானத்தைப் பார்ப்பதும் கரையைப் பார்ப்பதுமாக இருந்தார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் மிஸ்ஸின் காதுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் உருண்டு உருண்டு முட்டிக்கொண்டிருந்தது. படுத்திருந்தவ திடீரென்று எழும்பி உட்கார்ந்தா. கத்தி கேட்டா. போத்தலின் அடியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பூவிதழ் போலக் கீறி, இதழ்கள் உள்ளே மேல்நோக்கிச் சாயும்படி குழாயின் வாயில் செருகி, ஒட்டுநாடாவால் சுற்றினா. உள்ளே போகும் சேற்றுக்கு இதழ் விரியும்; வெளியே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். செய்து முடித்துவிட்டு இன்னொருமுறை வாந்தி எடுத்தா.

குழாயை இறக்கினோம். இந்த முறை இழுக்கும்போதே பாரம் வேறு. ரஜீவனும் நானும் மரியதாஸ் அண்ணையும் சேர்ந்துதான் இழுத்தோம். தண்ணீருக்கு மேலே குழாய் வந்தபோது, ஒரு ஆள் உயரத்துக்குச் சேறு அசையாமல் உள்ளே நின்றது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மரியதாஸ் அண்ணை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மிகவும் ஏமாற்றமாகச் சொன்னார்: "உண்மையாவே சேறுதான்."

சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கை

கரைக்கு வந்தால் எங்கள் வான் கிளம்பமாட்டேன் என்று நின்றது. மேல் நுனிச் சேறு கூழ் மாதிரி இருக்கும். குழாயைப் படுக்க வைத்தால் இந்தக் காலமும் போன காலமும் கலந்துவிடும். வெயிலிலும் வைக்க முடியாது; அன்றைக்கே குளிர் அறைக்குப் போகவேண்டும். மிஸ் வானோடு நின்றா, ரஜீவன் மற்றச் சாமான்களோடு நின்றான், நான் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொண்டக்டர் அதைப் படுக்க வைக்கச் சொன்னார். ஏலாது என்றேன். "உதுக்குள்ள என்ன?" என்று கேட்டார். "சேறு" என்றேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: மழை, வெள்ளம், இரும்பு, அடியில் இருக்கிற சேறு ஆயிரம் வருசத்துக்குக் கிட்ட வரும் என்று நாங்கள் நினைப்பது, எல்லாம். சாரதிக்குப் பின்னால் இரண்டு பை மரக்கறியோடு இருந்த ஒரு அம்மா மறுபேச்சில்லாமல் எழும்பி, "இதில நிப்பாட்டும் பிள்ளை" என்று இடம் விட்டா. தன் சால்வையாலேயே குழாயை இருக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியும் தந்தா. குழி வந்த இடமெல்லாம் சாரதி பிரேக்கை மெல்ல மிதித்தார். எங்கள் விசுவமடுவைத் தாண்டும்போது, யன்னலால் தெரிந்த எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தர்மபுரத்தில் ஏறிய ஒருவர், இது என்ன கோயில் சாமானா என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்களே அவருக்கு விளங்கப்படுத்தினார்கள், கொஞ்சம் கூட்டியும் சொன்னார்கள்.

அது யாழ்ப்பாணம் போகிற பஸ் என்பதால், கிளிநொச்சி பஸ்ஸுக்கு மாறப் பரந்தன் சந்தியில் இறங்கவேண்டும். வாசலில் சனம் முண்டியடித்தது. கொண்டக்டர் முன்னால் குதித்து இறங்கி, இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு சொன்னார்: "வழி விடுங்கோ, வழி விடுங்கோ. ஆயிரம் வருசம் இறங்குது."

நெடுக்காக வெட்டினது

குழாயை நெடுக்காக இரண்டாக வெட்டித் திறக்கும் நாள் எங்கள் தொழிலில் பெருநாள். ஒரு பாதியில் வேலை செய்வோம், மற்றப் பாதியைத் தொடாமல் வைப்போம். மெல்லிய கம்பியால் சேற்றை நடுவே அறுத்து, இரண்டு பாதியையும் புத்தகம் விரிப்பதுபோல விரித்தோம். கருஞ்சாம்பல், கொஞ்சம் வெளிர், திரும்பவும் கருஞ்சாம்பல் என்று பட்டை பட்டையாகக் கிடந்தது. அடிப்பக்கம், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் பழைய எலும்பு மாதிரி வெளிறிப்போய் இருந்தது.

"வறட்சி" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. இவ்வளவு தடிப்பு என்றால் ஒரு போகம் இரண்டு போகம் மழை பொய்த்த கதை அல்ல, பிள்ளைகள் பிறந்து பெரியாட்களாகிப் பிள்ளை பெறும்வரை நீண்ட வறட்சி. ரஜீவன் அதற்குள் படம் எடுக்கத் தொடங்கிவிட்டான். மிஸ் மட்டும் அசையவில்லை. ஏதாவது ஒரு பெரும் புயல் ஒரே நாளில் மணலைக் கொண்டுவந்து கொட்டினாலும் இப்படித்தான் வெளிறித் தெரியும். அது புயல் மணல் என்றால் எங்கள் வறட்சி ஒரு நாள் காற்றுத்தான். மிஸ்ஸின் கண்கள் மினுங்கின. கை மட்டும் என்னைத் தடுத்தது. "சந்தோசப்படு சுபா, ஆனா ஒருத்தருக்கும் சொல்லாதை."

தும்மல்

சேற்றைக் கழுவி அரித்தால் கண்ணுக்கு எட்டாத சின்னச் சின்ன ஓடுகள் மிஞ்சும். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் கட்டிய வீடுகள் அவை. சுருள் சுருளாக, குமிழ் குமிழாக, நகைக்கடைக்காரன் கண்டால் அப்படியே பார்த்துச் செய்வான். கடலில் மழைத்தண்ணீர் எவ்வளவு கலந்திருந்தது என்பதை அந்த ஓடுகளின் சுண்ணாம்பே சொல்லும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே, ஈரம் தொட்ட ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தட்டில் சேர்ப்பது ரஜீவனின் வேலை. மின்விசிறி போடக்கூடாது. கதவை வேகமாகத் திறக்கக்கூடாது. எங்கள் அறைக்குள் நாங்கள் ஒருவரோடு ஒருவர் சுவரைப் பார்த்துத்தான் கதைப்போம்.

வெளிறின பட்டைக்குச் சற்று மேலே இருந்த பகுதியை அவன் பல நாளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்த வாரம் பக்கத்துக் காணியில் உழவு நடந்தது. புழுதி யன்னல் இடுக்கால் வந்துகொண்டிருந்தது. தும்மலின் சத்தம் அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது. ரஜீவன் மூக்கைப் பிடித்தபடி அசையாமல் கதிரையில் இருந்தான். நல்லவேளை, அந்த இடத்துச் சேறு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிஸ் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மிஸ், ஒரு நூற்றாண்டு பறந்திட்டுது."

வெள்ளைக் கோடு

ஒருநாள் மரியதாஸ் அண்ணை கிளிநொச்சிக்கு ஏதோ அலுவலாக வந்தவர், தான் சுமந்த சேற்றைப் பார்க்கவேண்டும் என்று ஆய்வுகூடத்துக்கு வந்தார். குளிர் அறையிலிருந்து சேற்றின் ஒரு பாதியைத் தட்டோடு எடுத்து மேசையில் வைத்தேன். எது எந்தக் காலம் என்று அடியிலிருந்து தொடங்கி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு மேலே வந்தேன். மேல் நுனிக்குக் கிட்ட, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று குறுக்காக இருக்கிறது. கரை மணல். சேறு மட்டும் படிகிற ஆழத்தில் கரை மணலுக்கு வேலையில்லை. நான் அதைச் சொல்லாமல் தாண்டத்தான் பார்த்தேன். அவர் விரலை அந்த இடத்தில் நிறுத்தி, "இது?" என்று கேட்டார்.

சுனாமியாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம் என்றேன். கரையை வழித்துக்கொண்டு கடல் திரும்பிப் போனபோது கொண்டுபோன மணல். மரியதாஸ் அண்ணையின் தாயும் மூத்த மகளும் அந்தக் காலையில் போனவர்கள் என்பது எனக்குத் தெரியும்; வள்ளத்தில் பிலோமினா அக்கா கட்டித் தந்த சாப்பாட்டைப் பிரிக்கும்போது அவரே சொல்லியிருந்தார். அவர் தட்டுக்கு மேலே குனிந்தார். தொடலாமா என்று கேட்கவில்லை, தொடவும் இல்லை. அந்தக் கோட்டுக்கு மேலே படிந்திருந்த சேற்றைத் தன் சுண்டுவிரலைப் பக்கத்தில் பிடித்து அளந்தார். பாதி விரல் நீளம்கூட வரவில்லை. "இவ்வளவு வருசத்துக்கு இவ்வளவுதானோ, பிள்ளை?"

இரும்பைத் தேடி

புயலா வறட்சியா என்ற கேள்வியோடு நாங்கள் மாதக்கணக்காக நித்திரை கெட்டோம். கடைசியில் நாட்டின் தெற்கில் இருந்து ஒரு கருவி இரவலாக வந்து சேர்ந்தது. பார்த்தால் தலைமயிர் காயவைக்கும் கருவி மாதிரி இருக்கும். அதன் வாயைச் சேற்றில் வைத்து அழுத்தினால், அங்கே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கணினித் திரையில் ஒரு புள்ளி விழும். நான் கருவியை நகர்த்தி நகர்த்தி அழுத்த, ரஜீவன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கருஞ்சேற்றில் புள்ளிகள் உயரத்தில் விழுந்தன. வெளிறின பட்டையின் விளிம்பு வந்தது. "இறங்குது" என்றான். ஒரு விரல் நகர்த்தினேன். "இன்னும் இறங்குது." புயல் ஒரே நாளில் கொட்டியிருந்தால் புள்ளிகள் மதில் மாதிரிச் செங்குத்தாக விழவேண்டும். இவை ஒரு குளத்தின் நீர்மட்டம் குறைவதுபோல மெல்ல மெல்லக் குறைந்து, நெடுநேரம் அடியிலேயே கிடந்து, பிறகு மெல்ல ஏறின.

மிஸ்ஸுக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதும் வெளியே சொல்லாததுமான சோதனை ஒன்று இருக்கிறது. மண்ணில் மணல் இருக்கிறதா என்று அறிய மிகவும் விரைவான கருவி பல். மிஸ் வெளிறின பட்டையிலிருந்து ஊசி முனையளவு எடுத்து முன்பல்லில் வைத்து அரைத்தா. நறநறக்கவில்லை, வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு. மணல் இல்லை. புயல் இல்லை. மிஸ் கண்ணை மூடிச் சிரித்தா, பல்லெல்லாம் சாம்பல் நிறம். நானும் ஓடிப்போய் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தேன், ரஜீவனும் வைத்தான். மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கும் தவமணி அக்கா வாளியோடு உள்ளே வந்தா. எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தா. "பசிச்சால் சொல்லியிருக்கலாமே மிஸ், ரெண்டு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருப்பன்."

விசுவமடுக் கேள்வி

காலத்தை அளப்பதற்குச் சில ஓடுகளை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அந்த வெளிறின பட்டை பல நூறு வருடங்களுக்கு முந்தியது என்றும், இரண்டு மூன்று தலைமுறைக்கு மழை சரியாகப் பெய்யவில்லை என்றும் உறுதியானது. அதை முதலில் யாருக்குச் சொல்வது என்று மிஸ் கேட்டபோது நான் யோசிக்கவில்லை. விசுவமடுப் பொதுமண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் போட்டோம். முன்வரிசையில் இருந்தவரின் முதல் கேள்வியே, இந்தக் காலபோக விதைப்புக்கு மழை எப்படி என்பதுதான். தெரியாது என்றேன். மண்டபம் சிரித்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். என் அப்பா. என்னை முன்பின் தெரியாதவர் போல நின்று, "அந்த நேரம் இஞ்ச இருந்த சனம் என்ன செய்தது?" என்று கேட்டார். அது நாங்கள் அந்த மாதம்தான் கண்டுபிடித்திருந்தது. சேற்றில் மகரந்தமும் இருக்கும். பட்டைக்குக் கீழே நெல் வகைப் புல்லின் மகரந்தம் நிறைய இருக்கிறது. பட்டைக்குள் போகப் போகக் குறைந்து, இல்லாமலே போகிறது. பட்டை முடிந்து கருஞ்சேறு தொடங்கிய கொஞ்சத்தில் திரும்ப வருகிறது. "விட்டிட்டுப் போயிருக்கினம். பிறகு ஆரோ வந்து திரும்ப விதைச்சிருக்கினம். அதே ஆக்களின்ர பேரப்பிள்ளையளோ, வேற ஆக்களோ எண்டு சேறு சொல்லாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே இருந்தவர்களில், யுத்தத்தில் ஒருமுறையாவது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராதவர் யாரும் இல்லை. நான் மேசையில் இருந்த படத்தைத் திருப்பித் திருப்பி வைத்தேன். அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வந்தவுடன முதல் வேலையாக் குளத்து அணைக்கட்டைத்தான் திருத்தியிருப்பினம்."

அன்பர்களே, பல நூறு வருடத்துக்கு முந்தின மழையை விரல் வைத்துக் காட்டக்கூடிய எனக்கு, கொடியில் போட்ட உடுப்பை மழை வருமுன் எடுக்க மட்டும் இன்றுவரை வாய்க்கவில்லை.